மெல்பர்னில் குறைந்த செலவில் வியட்நாம் உணவும் மேடை இசையும்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெல்பர்னுக்கு வந்த முதல் மாதத்தில், உடன் தங்கியிருந்த நண்பரிடம் “இங்கே நல்ல வியட்நாம் கடை எது?” என்று கேட்டேன். அவர் மூன்று பெயர்களைச் சொன்னார். முதல் கடைக்குப் போன நாள் அதன் வார விடுமுறையாக இருந்தது. இரண்டாவது கடையில் எதை வாங்குவது என்று தெரியாமல், மாட்டின் தசைநாரும் குடலும் மிதந்த ஒரு பெரிய கிண்ணத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கடைக்குப் போகவே இல்லை. அதே வாரத்தில் இன்னொருவர் பரிந்துரைத்த இசை நிகழ்ச்சிக்கு எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்து, முக்கியமான குழு மேடையேறுவதற்குச் சிறிது முன்னால், கடைசி ரயில் போய்விடுமோ என்ற பயத்தில் வெளியேறினேன். பரிந்துரைத்த இருவரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். பெயரை மட்டும் கேட்டு வாங்கி, நாளையும் நேரத்தையும் உணவையும் வழியையும் கேட்காமல் விட்டது என் தவறு. அந்த நான்கையும் எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இந்த இரண்டு பொருள்களையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மெல்பர்னில் விலை குறைந்த வியட்நாம் உணவு கிடைக்கும் ரிச்மண்ட் பகுதியும், சிறிய இசை மேடைகள் நிறைந்த காலிங்வுட், ஃபிட்ஸ்ராய் பகுதிகளும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றன. ஒரே மாலையில் இரண்டையும் அனுபவிக்க முடியும். செலவையும் கட்டுக்குள் வைத்திருக்க முடியும். இந்த ஊரில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் அதிகமாகப் பரிமாறிக்கொள்ளும் தகவல்களும் இவை இரண்டும்தான்.

முதல் படி: கேள்வியைக் கூர்மையாக்கிக் கேளுங்கள்

“நல்ல கடை எது?” என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர் தமக்குப் பிடித்ததைத்தான் சொல்வார். அவர் மாட்டிறைச்சி சாப்பிடுபவராக இருக்கலாம். கார் வைத்திருப்பவராக இருக்கலாம். காலை பத்து மணிக்குச் சாப்பிடப் போகிறவராக இருக்கலாம். எனவே உங்கள் நிலையை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். “வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ரிச்மண்டில் இருப்பேன், மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, 20 டாலருக்குள் முடிய வேண்டும், எட்டரை மணிக்கு இசை கேட்கப் போக வேண்டும், எந்தக் கடையில் எதை வாங்கலாம்?” என்று கேட்டால், ஒரு கடையும் ஒரு உணவும் பதிலாக வரும். மூன்று பெயர்களைவிட அந்த ஒன்று பயனுள்ளது.

இசைக்கும் இதே முறைதான். எந்தக் குழுவைக் கேட்கலாம் என்று கேட்பதைவிட, எந்த மேடையில் எந்தக் கிழமையில் நீங்கள் ஏமாந்ததில்லை என்று கேளுங்கள். குழுக்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு மேடைக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்பவரின் ரசனை பெரும்பாலும் மாறாமல் இருக்கும். அந்த ரசனை உங்களுக்கு ஒத்துப்போனால், பெயர் தெரியாத குழு வாசிக்கும் இரவிலும் துணிந்து நுழையலாம்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியமானது. ஃபோ என்னும் வியட்நாம் நூடுல்ஸ் சாற்றைப் பற்றி வகுப்பிலோ வேலையிடத்திலோ உங்களோடு இருக்கும் வியட்நாம் வம்சாவளி நண்பரிடம் கேளுங்கள்; ஆனால் கேள்வியை “உங்கள் வீட்டில் வெளியே சாப்பிட எங்கே போவீர்கள்?” என்று அமைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் ஒரு கடையின் பெயராக இல்லை. “ஃபோவுக்கு ஓர் இடம், நொய்யரிசிச் சோற்றுக்கு வேறிடம், பான் மீ என்ற ரொட்டிக்கு இன்னோரிடம்” என்றார் அந்த நண்பர். எல்லாவற்றையும் விற்கும் கடையைவிட ஒன்றிரண்டை மட்டும் சமைக்கும் கடையே மேல் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். நம் ஊரில் புரோட்டாவுக்கு ஒரு கடை, இட்லிக்கு ஒரு கடை என்று நாம் பிரித்து வைத்திருப்பதைப் போன்றதுதான் இது.

இரண்டாம் படி: தெருக்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்த பின்னர் வியட்நாமிலிருந்து பெருந்தொகையான மக்கள் வெளியேறினார்கள். அகதிகளை ஏற்றிய முதல் படகு 1976 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தை அடைந்தது. மெல்பர்னுக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் முதலில் மரிபர்னாங், ஸ்பிரிங்வேல் ஆகிய இடங்களில் இருந்த அரசு விடுதிகளில் தங்கவைக்கப்பட்டார்கள். பின்னர் ரிச்மண்டின் உயரமான அரசுக் குடியிருப்புகளில் பலர் குடியேறினார்கள். இன்று வியட்நாம் கடைகள் எங்கெங்கே கூட்டமாக இருக்கின்றன என்று பார்த்தால், அந்தப் பழைய விடுதிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் அருகிலேயே அவை இருப்பதைக் காணலாம். மரிபர்னாங்குக்கு அடுத்து ஃபுட்ஸ்கிரே, தென்கிழக்கில் ஸ்பிரிங்வேல், நகருக்கு அருகில் ரிச்மண்டின் விக்டோரியா தெரு என்று இந்த வரைபடம் அமைந்திருக்கிறது.

விக்டோரியா தெரு ரிச்மண்டுக்கும் அபட்ஸ்ஃபோர்டுக்கும் இடையே ஓடுகிறது. நகரின் நடுவிலிருந்து 109ஆம் எண் டிராமில் ஏறினால் நேராக அங்கே கொண்டுபோய் விடும். ரயிலில் வருபவர்கள் மெர்ண்டா அல்லது ஹர்ஸ்ட்பிரிட்ஜ் தடத்தில் நார்த் ரிச்மண்ட் நிலையத்தில் இறங்கலாம். இசை கேட்கப் போகும் மாலைக்கு இந்தத் தெருவே வசதியானது.

ஃபுட்ஸ்கிரே நகருக்கு மேற்கே இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே சந்தை இருக்கிறது. ஹாப்கின்ஸ் தெரு, லீட்ஸ் தெரு, பார்க்லி தெரு ஆகியவற்றில் உணவகங்கள் இருக்கின்றன. காய்கறி, மீன், கீரை, சமையல் பொருள்கள் வாங்குவதையும் சாப்பிடுவதையும் ஒரே நடையில் முடிக்க விரும்புபவர்கள் சனிக்கிழமை காலையில் இங்கே போக வேண்டும். முருங்கைக்கீரையும் வெண்டைக்காயும் பாகற்காயும் தேடுபவர்களுக்கு வியட்நாம் காய்கறிக் கடைகளில் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது.

ஸ்பிரிங்வேலும், மேற்கே செயின்ட் ஆல்பன்ஸின் ஆல்ஃபிரீடா தெருவும் உணவுக்காக மட்டும் போக வேண்டிய இடங்கள். அந்தப் பக்கம் குடியிருந்தால் ரிச்மண்ட் வரை வரத் தேவையே இல்லை.

மூன்றாம் படி: உணவுப் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள்

கடைப் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் இருக்கலாம். அதைக் கண்டு மலைக்க வேண்டாம். பெரும்பாலானவை சில சொற்களின் சேர்க்கைகளே. ஃபோ என்பது தட்டையான அரிசி நூடுல்ஸும் அதன் சாறும். பூன் என்பது நம் இடியாப்பத்துக்கு நெருக்கமான, உருண்டையான மெல்லிய அரிசி நூடுல்ஸ். கோம் என்பது சோறு. பான் என்று தொடங்குபவை மாவினால் செய்தவை. போ என்றால் மாடு, கா என்றால் கோழி, சாய் என்றால் சைவம். இந்த ஏழு சொற்களைத் தெரிந்துகொண்டால் பட்டியலில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஃபோவின் உயிர் அதன் சாற்றில் இருக்கிறது. மாட்டெலும்பைப் பல மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவைத்து, தீயில் வாட்டிய வெங்காயமும் இஞ்சியும் சேர்த்து, அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு போன்றவற்றை இட்டு இறக்குகிறார்கள். நாம் பிரியாணிக்குப் போடும் அதே மசாலாக்கள்தாம். ஆனால் எண்ணெயும் காரமும் இல்லாமல், கிண்ணத்தின் அடி தெரியும் அளவுக்குத் தெளிவான சாற்றில் அந்த மணத்தை முதன்முறை முகர்ந்தபோது எனக்கு வீட்டு நினைவும் வியப்பும் ஒன்றாக வந்தன. நல்ல கடையை அறிவதற்கு நான் வைத்திருக்கும் ஒரே சோதனை, எதையும் கலக்காமல் முதல் இரண்டு கரண்டிச் சாற்றைக் குடித்துப் பார்ப்பதுதான். அதிலேயே நிறைவு இருந்தால் அந்தக் கடைக்குத் திரும்பப் போகலாம். சுவை வருவதற்குச் சிவப்பு மிளகாய் விழுதும் இனிப்பான கறுப்புச் சாறும் ஊற்றித்தான் தீர வேண்டும் என்றால், நண்பருக்குப் பரிந்துரைக்க வேண்டாம்.

மாட்டு ஃபோவில் தாய் என்றால் மெல்லியதாகச் சீவிய பச்சை இறைச்சி. அது கொதிக்கும் சாற்றிலேயே வெந்துவிடும். சின் என்றால் முன்பே வேகவைத்தது. எல்லாம் கலந்த ‘சிறப்பு’ கிண்ணத்தில் தசைநாரும் குடலும் இறைச்சி உருண்டையும் சேர்ந்து வரும். நான் அந்த முதல் மாதத்தில் அறியாமல் வாங்கியது இதைத்தான். மேசைக்குத் தனித் தட்டில் முளைகட்டிய பயறும், எலுமிச்சைத் துண்டும், மிளகாயும், நம் திருநீற்றுப்பச்சிலையின் இனத்தைச் சேர்ந்த துளசியும் வரும். இலைகளைக் கிள்ளிச் சிறிது சிறிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் சாறு ஆறிவிடும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஃபோ கா என்னும் கோழி ஃபோவைக் கேட்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில கடைகளில் கோழித் துண்டுகளை மாட்டெலும்புச் சாற்றிலேயே போட்டுக் கொடுக்கிறார்கள். சாறு கோழியில் செய்ததா என்று தயங்காமல் கேளுங்கள். கோழி ஃபோவுக்கென்றே பெயர் பெற்ற கடையைத் தேடிப் போவது இன்னும் நல்லது.

சைவ உணவு உண்பவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. காய்கறி ஃபோ என்று எழுதியிருந்தாலும் சாறு எலும்பில் செய்ததாக இருக்கக்கூடும். காய்கறிப் பொரியலிலும் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் நூக் மாம் என்னும் மீன் சாறு பெரும்பாலும் இருக்கும். ‘காய்கறி’ என்று கேட்காமல் ‘சாய்’ என்று கேளுங்கள். வியட்நாமில் பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது ஏறத்தாழ நம் அமாவாசை, பௌர்ணமி நாள்களில், சைவம் மட்டுமே உண்பார்கள். ஆகவே சாய் என்ற சொல்லுக்கு அவர்களிடையே தெளிவான, மரியாதைக்குரிய பொருள் உண்டு. சாய் உணவு மட்டும் விற்கும் கடைகளும் இந்தப் பகுதிகளில் இருக்கின்றன. அங்கே சோயாவில் செய்த ‘இறைச்சி’ பல வடிவங்களில் வரும். எனக்கு அந்தப் போலி இறைச்சியைவிடக் காளானும் டோஃபுவும் போட்ட எளிய கிண்ணமே பிடிக்கும்.

ஃபோவுக்கு அடுத்து நான் புதியவர்களை அழைத்துப் போவது கோம் தம் சாப்பிடத்தான். தம் என்றால் நொய். ஆலையில் உடைந்துபோன அரிசி. ஒரு காலத்தில் மெக்கோங் கழிமுகப் பகுதியின் ஏழை உழவர்கள் உண்ட இந்தச் சோறு இன்று சைகோனின் அடையாளமாகிவிட்டது. சுட்ட பன்றித் துண்டு, முட்டை, ஊறவைத்த காய்கறிகள், ஒரு சிறு கிண்ணம் மீன் சாறு ஆகியவற்றோடு வரும். சோறு இல்லாமல் சாப்பிட்டது போல் இல்லை என்று சொல்பவர்களுக்கு இது ஆறுதலான உணவு, கோழியோடும் கிடைக்கும்.

காரம் வேண்டுபவர்கள் ஹுவே நகரத்தின் பூன் போ ஹுவேயைக் கேட்கலாம்; எலுமிச்சைப்புல்லும் மிளகாயும் இறால் விழுதும் சேர்ந்த அழுத்தமான சாறு அது. அதில் மாடும் பன்றியும் சேர்ந்தே வரும். தோசையை நினைத்து ஏங்குபவர்கள் பான் ஸெயோ வாங்கலாம். மஞ்சள் கலந்த அரிசி மாவில், புளிக்கவைக்காமல், முறுகலாக வார்த்து மடித்து, இலைகளில் பொதிந்து சாப்பிடுவது அது.

பட்டியலில் கா ரி என்று ஒன்று இருந்தால், அது நம் ‘கறி’ என்ற சொல்லோடு உறவுள்ளது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோனுக்குப் போய் வாழ்ந்த தமிழர்கள் பலர். அந்நகரில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் செய்த கோழிக் கறியை ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடும்போது இந்த உறவை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

மிகக் குறைந்த செலவில் பசியாற வேண்டுமானால் பான் மீதான் வழி. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த நீள ரொட்டியை வியட்நாமியர் தம் ருசிக்கேற்ப மாற்றிக்கொண்டு, உள்ளே ஈரல் விழுது, ஊறவைத்த கேரட்டும் முள்ளங்கியும், வெள்ளரி, கொத்தமல்லி, மிளகாய், இறைச்சி ஆகியவற்றை வைத்துத் தருவது இது. முட்டையோ டோஃபுவோ வைத்தும் வாங்கலாம். அப்போது ஈரல் விழுது வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள். ஃபுட்ஸ்கிரேயின் ஹாப்கின்ஸ் தெருவில் இருக்கும் நூ லான் பேக்கரியின் பெயரை மெல்பர்னில் பலரும் உங்களுக்குச் சொல்வார்கள். விக்டோரியா தெருவில் ஃபூக் தான் பேக்கரி இருக்கிறது. ரொட்டி சூடாக இருக்கும் காலை நேரமே இதற்கு உகந்தது. பல பேக்கரிகள் மாலையிலேயே மூடிவிடும் என்பதால், இரவு உணவுக்குப் பான் மீயை நம்பிப் போகாதீர்கள்.

நான்காம் படி: நேரமும் பணமும்

ஒரு கிண்ணம் ஃபோவுக்கு 20 டாலருக்குள்ளும், ஒரு பான் மீக்குப் பத்து டாலரை ஒட்டியும் திட்டமிட்டுக்கொண்டால் பெரும்பாலும் இடறாது. சிறிய கிண்ணமே போதுமான அளவு இருக்கும். சில கடைகளில் பணநோட்டு மட்டுமே வாங்குகிறார்கள். சில கடைகளில் அட்டைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. எனவே 20 டாலர் நோட்டு ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். பில்லை எதிர்பார்த்து மேசையில் காத்திருக்க வேண்டாம்; எழுந்துபோய்க் கல்லாவில் மேசை எண்ணைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவதே இங்கே வழக்கம். பல கடைகளில் தேநீர் இலவசமாக மேசைக்கு வரும்.

பரிமாறுபவர்கள் அதிகம் பேசாமல் வேகமாக நடமாடுவதைப் புதியவர்கள் சிலர் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அலட்சியம் அல்ல. குறைந்த விலைக்கு விற்கும் கடை, மேசைகள் விரைவாகச் சுழன்றால்தான் தாக்குப்பிடிக்கும். வாசலில் ஆள்கள் காத்திருந்தால், சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுவது நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. பேச்சைத் தொடர வேண்டுமானால் இனிப்பான கெட்டிப்பால் கலந்த வியட்நாம் ஐஸ் காபியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

ஐந்தாம் படி: இசை எங்கே என்று கண்டுபிடியுங்கள்

சமூக வானொலியிலிருந்து தொடங்குங்கள். 102.7 அலைவரிசையில் திரிபிள் ஆர், 106.7 அலைவரிசையில் பிபிஎஸ் என்று இரண்டு நிலையங்கள் நேயர்களின் சந்தாவை முதுகெலும்பாகக் கொண்டு பல பத்தாண்டுகளாக இயங்கிவருகின்றன. முதலாவது 1976இலும் இரண்டாவது 1979இலும் தொடங்கப்பட்டவை. அந்த வாரம் யார் எங்கே வாசிக்கிறார்கள் என்பதை நிகழ்ச்சி நடத்துபவர்கள் தாங்களே கேட்டு ரசித்தவர்கள் என்ற உரிமையோடு சொல்வார்கள். சந்தா கட்டியவர்களுக்கு நுழைவுச்சீட்டுகளைப் பரிசாகவும் தருவார்கள். ஊரில் நண்பர்களே இல்லாத முதல் மாதங்களில் எனக்குப் பரிந்துரை செய்த நண்பர்கள் இந்த வானொலிக் குரல்கள்தாம்.

பிறகு மேடைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிச்மண்ட் ரயில் நிலையத்துக்கு அருகே, ஸ்வான் தெருவில் கார்னர் ஹோட்டல் இருக்கிறது. நடுத்தர அளவுக் கூடம். உள்ளூரில் பெயர் பெற்ற குழுக்களும் வெளிநாட்டுக் குழுக்களும் இங்கே வாசிக்கின்றன. மேடைக்கு அருகே ஒரு தூண் பார்வையை மறைக்கும் என்பதால், உள்ளே போனதும் தூணைப் பார்த்து இடம்பிடியுங்கள். காலிங்வுட்டில் ஜான்ஸ்டன் தெருவில் இருக்கும் டோட் சிறியது, சத்தம் மிகுந்தது, ராக் இசைக்குப் பெயர்போனது. அதே தெருவில் மேற்கே ஃபிட்ஸ்ராய்க்குள் நடந்தால் ஓல்ட் பார் வரும். 86ஆம் எண் டிராமில் வடக்கே போனால் ஹை தெருவில் நார்த்கோட் சோஷியல் கிளப். 19ஆம் எண் டிராமில் சிட்னி சாலையில் போனால் பிரன்ஸ்விக்கின் ரிட்ரீட். உட்கார்ந்து அமைதியாகக் கேட்க விரும்புபவர்கள் பிரன்ஸ்விக்கில் ஆன்ஸ்டி நிலையத்துக்கு அருகே உள்ள ஜாஸ்லேபுக்குப் போகலாம். ஹோட்டல் என்று பெயர் இருந்தாலும் இவை தங்கும் விடுதிகள் அல்ல, மதுக்கூடங்கள். முன்பக்கம் மதுக்கூடமும் பின்பக்கமோ மாடியிலோ இசைக்கூடமும் இருக்கும். மது அருந்தாதவர்கள் தயங்க வேண்டாம். குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது விக்டோரியா மாநிலத்தின் சட்டம். எலுமிச்சைச் சோடாவோடு இரவு முழுவதும் நிற்பவர்களை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

செலவைக் குறைக்கும் வழிகளில் முதலாவது, ‘ரெசிடென்சி’ என்று அறிவிக்கப்படும் தொடர் நிகழ்ச்சிகள். ஒரே குழு ஒரு மாதம் முழுவதும் வாரத்தின் ஒரே கிழமையில் ஒரே மேடையில் வாசிக்கும். வார நாள்களில் வருவதால் கட்டணம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். ஞாயிறு பிற்பகல்களிலும் பல இடங்களில் இலவச இசை உண்டு. கோடையில் சிட்னி மையர் மியூசிக் பவுல் திறந்தவெளியில் மெல்பர்ன் சிம்பொனி இசைக்குழு இலவசக் கச்சேரிகள் நடத்துகிறது. பான் மீயைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்ப் புல்வெளியில் உட்கார்ந்து கேட்கலாம்.

நிகழ்ச்சி அறிவிப்பில் போட்டிருக்கும் நேரம் கதவு திறக்கும் நேரம். எட்டு மணி என்று இருந்தால் முதல் குழு எட்டரைக்கும், முக்கியக் குழு பத்து மணி அளவிலும் தொடங்கலாம். எந்தக் குழு எப்போது மேடையேறும் என்ற அட்டவணையை அன்று மாலை சமூக ஊடகத்தில் போடுவார்கள். எனக்கு முதல் மாதத்தில் நேர்ந்த ஏமாற்றம் இந்த ஒரு விவரம் தெரியாததால் வந்தது. ஆனால் அட்டவணையைப் பார்த்து முக்கியக் குழுவுக்கு மட்டும் போகாதீர்கள். முதலில் வாசிக்கும் குழுக்கள் இருபது பேருக்கு முன்னால் முழு மூச்சோடு வாசிப்பார்கள். எனக்கு இன்று மிகவும் பிடித்த குழுக்களில் பாதியை அப்படித்தான் கண்டுகொண்டேன்.

வயதுச் சான்று கட்டாயம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் என்பதைக் காட்டக் கடவுச்சீட்டின் அசலைக் கேட்பார்கள். கைப்பேசியில் இருக்கும் படம் செல்லாது. கடவுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம் என்றால், மாநில அரசு தரும் வயதுச் சான்று அட்டைக்கு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள். காதுக்குப் பஞ்சடைப்பான் ஒரு சோடி எப்போதும் பையில் இருக்கட்டும். சிறிய கூடங்களில் ஒலி மிகப் பெரிதாக இருக்கும். காதின் கேள்திறன் போனால் திரும்பாது.

இந்த மேடைகள் தாமாக நிலைத்து நிற்பவை அல்ல என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 ஜனவரியில், மது உரிமத்துக்கான புதிய நிபந்தனைகளால் ஏற்பட்ட காவலர் செலவைத் தாங்க முடியாமல் டோட் மூடப்பட்டது. அடுத்த மாதம் 23ஆம் தேதி பல்லாயிரக்கணக்கான மக்கள் நகரத் தெருக்களில் இசைக்காக ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டில் டோட் மீண்டும் திறந்தது. 2014இல் மாநிலத் திட்டமிடல் விதிகள் மாறின. ஏற்கெனவே இருக்கும் இசைக்கூடத்திலிருந்து 50 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டுபவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்று ஆயிற்று. 2023இல் டோட்டின் கட்டடம் விற்பனைக்கு வந்தபோது, ரசிகர்களிடம் நிதி கேட்டு ஏறத்தாழ 30 லட்சம் டாலர் திரட்டினார்கள். பத்து, பதினைந்து டாலர் நுழைவுக் கட்டணத்தைக் கொடுக்கும்போது இந்த வரலாற்றை நான் நினைத்துக்கொள்வதுண்டு. இசையைக் கேட்பதற்கு வழி இருந்தும் கட்டணம் கட்டாமல் நழுவும் உத்திகளை யாராவது பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள்.

ஆறாம் படி: இரண்டையும் ஒரே மாலையில் இணையுங்கள்

வெள்ளிக்கிழமைக்கு ஏற்ற திட்டம் விக்டோரியா தெருவில் தொடங்குகிறது. ஆறு மணிக்கு உட்கார்ந்து ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். டோட்டுக்குப் போவதானால் நார்த் ரிச்மண்டில் ரயிலேறி இரண்டாவது நிலையமான விக்டோரியா பார்க்கில் இறங்கி, ஜான்ஸ்டன் தெருவில் மேற்கே நடந்தால் போதும். மழை இல்லாவிட்டால் விக்டோரியா தெருவிலிருந்தே நடந்துவிடலாம். வயிறு நிறைந்த பிறகு அந்த நடை நல்லது. கார்னருக்குப் போவதானால் சர்ச் தெருவில் 78ஆம் எண் டிராமில் தெற்கே போய், ஸ்வான் தெருச் சந்திப்பில் இறங்கி மேற்கே நடக்க வேண்டும், அல்லது அங்கே 70ஆம் எண் டிராமைப் பிடிக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டும் ‘ரிச்மண்ட்’ என்றே இருப்பதால், நார்த் ரிச்மண்ட் நிலையத்திலிருந்து ரிச்மண்ட் நிலையத்துக்கு நேரடி ரயில் இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவை வெவ்வேறு தடங்கள்.

சனிக்கிழமை முழுவதும் ஓய்வு என்றால் ஃபுட்ஸ்கிரேயில் தொடங்குங்கள். சந்தையைச் சுற்றிப் பார்த்து, பான் மீ வாங்கி, மாலையில் ஃபோ சாப்பிட்டுவிட்டு நகரத்துக்கு ரயிலேறுங்கள். நகரின் மையத்தில் டிராமுக்குக் கட்டணம் இல்லாத பகுதி உண்டு. அதற்குள் மட்டும் பயணம் செய்தால் மைக்கி என்னும் பயணக் கட்டண அட்டையைக் கருவியில் தொடவே வேண்டாம்.

திரும்பி வருவதை முதலிலேயே திட்டமிடுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் பெருநகர ரயில்கள் இரவு முழுவதும் ஓடுகின்றன. 19, 67, 75, 86, 96, 109 ஆகிய ஆறு டிராம் தடங்களும் அப்படியே. மேலே சொன்ன விக்டோரியா தெரு, நார்த்கோட், சிட்னி சாலை மூன்றும் இந்தத் தடங்களில்தான் இருக்கின்றன. 78ஆம் எண் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு முதன்முறையாக அட்டையைத் தொட்டால், அந்த இரண்டு மணி நேரக் கட்டணமே அதிகாலை மூன்று மணி வரை செல்லும். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் நிலையத்தை அடைந்தால், நான் நடைமேடைக்கு வெளியே சற்றுக் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே போவேன். மற்ற இரவுகளில் கடைசி வண்டி நள்ளிரவை ஒட்டிப் போய்விடும்.

ஏழாம் படி: நீங்களும் சொல்லுங்கள்

பரிந்துரை கேட்டு வாங்கியவர், போய்வந்த மறுநாள் இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் எது பிடித்தது என்றும், பிடிக்காவிட்டால் எது ஒத்துவரவில்லை என்றும் சொன்னால்தான் அவர் அடுத்த முறை உங்களுக்கு ஏற்றதைச் சொல்ல முடியும். சில மாதங்களில் புதிதாக ஒருவர் வந்து உங்களிடம் கேட்பார். அப்போது கடையின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த ஒரு தம்பிக்கு நான் எழுதியதை இங்கே தருகிறேன்.

“தம்பி, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நார்த் ரிச்மண்டில் இறங்குங்கள். நீங்கள் மாடு சாப்பிடுவதில்லை என்று சொன்னதால் கோழி ஃபோ, சிறிய கிண்ணம். சாறு கோழிச் சாறுதானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நோட்டாகக் கொடுங்கள். பிறகு டோட்டுக்கு ரயிலில் இரண்டு நிலையம். எட்டரைக்கு முன்னால் உள்ளே போய்விடுங்கள், முதல் குழுவைத் தவறவிடாதீர்கள். கடவுச்சீட்டும் காதடைப்பானும் மறக்க வேண்டாம். திரும்பும்போது 109ஆம் எண் டிராம் இரவெல்லாம் ஓடும். நாளை மறுநாள் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அந்த முதல் குழுவை நான் இன்னும் கேட்டதில்லை.”